முன்சக்கரத்துக்குத் தண்ணீர்

மாங்கரைக்கு இறங்கும் கடைசி வளைவில் பிரேக்கை மிதித்தபோது ஸ்டீயரிங் மறுபடியும் ஆடியது. முதலில் உள்ளங்கையில் சின்னக் கூச்சம்போல இருந்தது. அழுத்த அழுத்த முழங்கை வரை ஏறியது. காலை எடுத்ததும் நின்றுவிட்டது. வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மலை மேல் ஆனைகட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை எனக்கு. மலையடிவாரத்தில் தோட்டத்து வீடு. பள்ளிக்கூட நேரத்துக்குத் தோதாகப் பஸ் கிடையாது. அதனால்தான் மாருதி காரை என்னிடம் கொடுத்துவிட்டு, என் வீட்டுக்காரர் சுரேந்தர் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் தன் லேத் பட்டறைக்கு மோட்டார் சைக்கிளில் போனார். கார் இல்லையென்றால் வேலை இல்லை.

வாசலில் மாமனார் வாளியோடு நின்றார். நான் இறங்குவதற்குள் முன்சக்கரம் இரண்டுக்கும் பாதிப் பாதியாகத் தண்ணீரை ஊற்றினார். மலைப் பாதையில் சுடுகாடு இருக்கிறது. அதைத் தாண்டி வருகிறவர்கள் கால் கழுவித்தான் வாசலேற வேண்டும். காருக்கும் அதே சட்டம். முன்சக்கரம்தான் கால் என்பது அவர் கணக்கு. டவுனுக்குப் போய் வந்தால் தண்ணீர் கிடையாது.

சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன்.

"ஏனுங்க, வண்டி மறுபடி ஆடுதுங்க."

சுரேந்தர் நிமிரவில்லை. "போன மாசந்தான பிரேக் டிஸ்க்க லேத்துல கடைஞ்சு மட்டமாக்கி மாட்டுனேன்."

"ஆமாங்க."

"வீல் பேலன்ஸ் பாத்தாச்சு. பால் ஜாயின்ட் மாத்தியாச்சு. டிஸ்க் ரெண்டு வாட்டி கடைஞ்சாச்சு. லீவுல நாந்தான ஓட்டுனேன், மே மாசம் பூரா? ஆடுச்சா?"

"இல்லீங்க."

"பள்ளிக்கூடம் தொறந்தா ஆடுது. அப்ப யாரு காலுல இருக்குது கோளாறு?"

கணக்கு டீச்சருக்கே அந்தக் கணக்கில் ஓட்டை தெரியவில்லை.

"மலையெறக்கத்துல பிரேக்கு மேலயே காலை வெச்சுட்டு வருவியா இருக்கும். இன்னொரு வாட்டி கடையறேன். அதுக்கு மேல கடைய அதுல இரும்பு இல்ல லோகு. அப்பறமும் ஆடுச்சுன்னா வித்துப்போடலாம்."

வண்டியின் குறையை அவர் டயல் கருவி வைத்து அளந்தார். என் காலை எதை வைத்து அளந்தார் என்று கேட்க நினைத்தேன்.

கடைந்து மாட்டிய மறுநாளிலிருந்து இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். பின்னால் வருகிற லாரிக்காரர்கள் ஹாரனால் திட்டினார்கள். எவ்வளவு மெதுவாக வந்தாலும் மலையில் பிரேக் தொடாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு வளைவிலும் உள்ளங்கையை உற்றுக் கவனித்தபடி வந்தேன். வேறு எதையும் யோசிக்க முடியாமல் போயிற்று. வகுப்பில்கூட வலது கால் தானாக விறைத்துக்கொண்டது.

அந்த வாரம் ஒருநாள் பம்ப்செட் ஓடவில்லை, தோட்டமே அமைதியாக இருந்தது. நான் இறங்கிக் கதவைச் சாத்தவும் மாமா தண்ணீரை ஊற்றினார். சக்கரத்துக்குள் சுர்ரென்று ஒரு சத்தம். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, அந்தச் சத்தம். மெல்லிய ஆவி எழுந்து மறைந்தது. இத்தனை நாளும் மோட்டார் இரைச்சலில் அது என் காதில் விழுந்ததே இல்லை.

மே மாதம் முழுக்கக் கார் மலைக்குப் போகவில்லை. அதனால் தண்ணீரும் இல்லை.

சூடான டிஸ்க் தண்ணீர் பட்டுத்தான் வளைகிறது என்று அன்றைக்குச் சொல்லும்போது என் குரல் எனக்கே வேகமாகக் கேட்டது. சுரேந்தர் சிரித்தார்.

"பட்டறைல நாள் பூராம் சுடுற இரும்பு மேல தண்ணி ஊத்தித்தான் கடையறோம். ஒண்ணாச்சும் வளைஞ்சிருக்குதா? போவியா."

"அது விடாம ஊத்தறதுங்க. இது திடீர்னு, ஒரு பக்கமா..."

"நீ எனக்கு இரும்பு சொல்லித் தர்றயா?"

உள்ளே கட்டிலில் இருந்த மாமாவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். இருமல் சத்தம் வந்தது. மறுநாளும் வாளியோடுதான் நின்றார். "காலு கழுவாம எப்படிங்க அம்மணி" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் வரும் வழியில் மாங்கரைச் சோதனைச்சாவடிப் புளியமரத்தடியில் நிறுத்தத் தொடங்கினேன். சக்கரத்தில் கை வைத்தால் சுடாமல் இருக்கும்வரை உட்கார்ந்திருப்பேன். சாவடிக் காவலர் சுப்பையன் தினமும் எட்டிப் பார்ப்பார்.

"ஏனுங்க டீச்சர், ஊட்டுக்குப் போக மனசில்லீங்களா?"

"வண்டி ஆறட்டும்ங்க."

"நம்மூட்டுலயும் ஒண்ணு இருக்குதுங்க, காலைல சூடானா ராத்திரி வரைக்கும் ஆறாது."

மழைக்காலம் போய்ப் பனி வந்தது. ஸ்டீயரிங் ஆடவில்லை.

பொங்கலுக்கு முன் சுரேந்தரின் கூட்டாளி திருமலைசாமி வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்துக்கொண்டே, "ஏப்பா, உன்ற காரு ஆடுதுன்னியே, என்னாச்சு?" என்றார்.

"வண்டில ஒண்ணுமில்லப்பா. மூணு வாட்டி கடைஞ்சேன். இப்பத்தான் இவளுக்குப் பிரேக்கு மிதிக்கத் தெரிஞ்சிருக்குது."

டம்ளரை எடுக்க வந்தவள் அப்படியே நின்றேன். மாமா எதிர் நாற்காலியில் இருந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தென்னைக்கு உரம் வைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

மறுநாள் மாலை புளியமரத்தடியில் நிற்காமல் வந்தேன். சுப்பையன் கையைத் தூக்கியது கண்ணாடியில் தெரிந்தது. ஊற்றட்டும். வளையட்டும். என் கால் பிரேக்கைத் தொடவே வேண்டாம், சுரேந்தரையே ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம். ஆனால் மறுபடி ஆடினால் கடைய இரும்பில்லை. நான் சொன்னது சரி என்று நிரூபணமாகிற அதே நாளில் காரும் போய்விடும், பள்ளிக்கூடமும் போய்விடும்.

வாசலுக்குச் சற்று முன்னாலேயே, வேலி ஓரமாகப் பிரேக்கை மிதித்தேன். ஸ்டீயரிங் அசையாமல் நின்றது. என்ஜினை அணைத்தேன்.

வாசலில் நின்ற மாமா இரண்டடி எடுத்து வைத்தார். என்னைப் பார்த்தார், பிறகு சக்கரத்தைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

இரும்பு ஆறுகிறவரை நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.