பூட்டு நீளவில்லை

அச்சகத்தில் பிழை திருத்துகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டு எழுதுவது வேலை. மெட்டுப் போடுகிறவன் அவர் மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். அக்கம்பக்கத்தார் நடத்தும் நாடகக் குழுவுக்காக இருவரும் ஏழெட்டுப் பாட்டு செய்திருந்தார்கள். மல்லுக்கட்டாமல் முடிந்தது ஒன்றுகூட இல்லை.

இந்த முறை வம்பு ஒரு பூட்டால் வந்தது.

நாடகத்தில் ஒருத்தி பல வருஷம் கழித்துத் தன் வீட்டுக்குத் திரும்புகிறாள். கதவு பூட்டிக் கிடக்கிறது. அங்கே பாட்டு. தம்பி கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு 'தானன தானன தானா' என்று பாடி, கடைசி 'னா'வை நான்கு தட்டுக்கு இழுத்தான். பிழை திருத்துகிறவர் மளமளவென்று எழுதி நீட்டினார்: 'வாசலில் தொங்குது பூட்டு.'

தம்பி பாடிப் பார்த்தான். "பூட்டூஊஊ... மாமா, ரயில் ஊதுற மாதிரி இருக்கு."

"கடைசி 'டு' அரை மாத்திரைதான்டா. அதைப் போய் ஏன் ஜவ்வு மாதிரி இழுக்கிற? மெட்டை மாத்து."

"மெட்டு கச்சிதமா இருக்கு. நீங்க வார்த்தையை மாத்துங்க."

கதவு, சாவி, தாழ் என்று எதை வைத்தாலும் இழுக்க வரவில்லை. கடைசியில் நிலாவைக் கொண்டுவந்தார். அது நன்றாக நீண்டது.

"பட்டப்பகல் காட்சியில நிலாவா?" என்றான் தம்பி. இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் தடதடவென்று சத்தம். துவைக்கிற மெஷின் குதித்துக் குதித்து வாசல்வரை வந்துவிட்டது. மனைவி கூவினாள்: "மெஷினே! ஏ மெஷினே! எங்க போற? நில்லு!"

இருவரும் ஓடினார்கள். தம்பி மெஷினைக் கட்டிப்பிடித்து, சுவிட்சை அணைத்தான். பிழை திருத்துகிறவரோ உதவி செய்யாமல் நின்றார்.

"நீ ஏன் மெஷினைக் கூப்பிட்ட?"

"வேற யாரைக் கூப்பிட? நீங்க ரெண்டு பேரும்தான் காது கேக்காத மாதிரி உக்காந்திருந்தீங்களே!"

பொங்கும் பாலையும் அணையும் பல்பையும் அவள் இப்படி அதட்டுவதை அவர் கேட்காத நாளில்லை. இன்றுதான் அந்த 'னே' காதில் உறைத்தது. பாட்டில் பூட்டைப் பற்றி வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தோமே என்று நினைத்தார். தனியாக நிற்கிறவள் பூட்டோடுதானே பேசுவாள்?

"பாடு மாப்ளே. 'வாசலைக் காக்கிற பூட்டே, வந்தவள் யாரெனக் கேளேன்.'"

தம்பி மெஷின்மேல் தாளம் போட்டுப் பாடினான். 'டே' நான்கு தட்டுக்கும் தளராமல் நின்றது. அவனே இன்னும் இரண்டு தட்டு சேர்த்துக்கொண்டான். "பூட்டு பதில் சொல்லுமான்னு அவ கொஞ்சம் காத்திருக்கட்டும் மாமா."

ஈரத்துணியோடு நின்ற மனைவி உதட்டைப் பிதுக்கினாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு வருஷம் கழிச்சு வந்தவ கெஞ்சிக்கிட்டே நிப்பாளா? ரெண்டு திட்டு திட்ட மாட்டா?"

"எப்படித் திட்டுவா? சொல்லு."

"'துருவேறிப் போன தடியா, என்னைத் தெரியலையா உனக்கு?'ன்னு கேப்பா."

சரணம் அதிலிருந்து பிறந்தது. அவள் திட்டத் திட்ட அவர் எழுதினார். தம்பி மெட்டை வளைத்து, வேகத்தைக் கூட்டினான். கடைசியில் மூவரும் சேர்ந்து தொண்டை கிழியப் பாடியபோது, பக்கத்து வீட்டுக்காரர் தன் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். சன்னலைச் சாத்தப் போகிறார் என்று பயந்தார்கள். அவர் சன்னலின் இன்னொரு கதவையும் திறந்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.