பதினான்கடிச் சுவர்

மூன்றாவது முறையும் கணக்கு உதைத்தது. பெரிய பள்ளிவாசலின் தெருப்பக்கச் சுவர் ஒரு முனையில் மூன்றடி கனம், மறுமுனையில் பதினான்கடி. அது என்ன கோட்டையா? பழுது பார்க்குமுன் வரைபடத்துக்கு அளவெடுக்க வந்தவள் நோட்டில் எழுதியதை மறுபடியும் அடித்தாள். பிள்ளை பெற்ற ஐந்தாம் மாதம், முதல் வேலை. இன்னும் கொஞ்சம் ஓய்வெடுக்கலாமே என்று மேலாளர் தேனொழுகச் சொன்னதன் பொருள் அவளுக்குத் தெரியும். தப்பான அளவோடு போனால் அவள் நாற்காலி வேறொருவருக்கு. தூக்கமில்லாமல் மூளை மழுங்கிவிட்டதோ என்று அவளே பயந்துகொண்டிருந்தாள்.

போதாததற்குக் கணவன் குழந்தையோடு வாசலில் வந்து நின்றான். புட்டிப்பாலைத் துரை தொடமாட்டாராம். அழுது ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கே பால் சுரந்து அவள் சட்டை நனைந்துவிட்டது. உட்கார ஒரு மறைவு வேண்டும். ஆயிரம் பேர் தொழும் கூடத்தில் தூண்கள்தான் இருந்தன.

பாங்கு சொல்லும் மோதினார், அவள் வயதுக்காரர்தான், நோட்டை எட்டிப் பார்த்தார்.

"உங்க அளவு சரிதாங்க. அது வெறும் சுவர் இல்ல."

சுருட்டி வைத்த கம்பளங்களை நகர்த்தினார். பின்னால் தோளுயரத்துக்கு ஒரு கதவு.

தெரு ஒரு பக்கம் போக, தொழுகைத் திசை வேறு பக்கம் இருந்ததாம். வெளிச்சுவரைத் தெருவுக்கு இணங்கக் கட்டி, கூடத்தைத் திசைக்குத் திருப்பியதில் இடையில் மிஞ்சியது இந்த முக்கோண அறை. கைக்குழந்தைக்காரிகளுக்கென்று விட்டார்களாம். சல்லடை ஜன்னல் வழியே பிரசங்கம் கேட்கும். உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். நாளடைவில் சாமான் போட்டு மறந்துவிட்டார்கள்.

"படத்துல இதையும் போட்டுடுங்க. இல்லேன்னா சுவருன்னு நெனச்சு அடைச்சிடுவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கல் இருக்கையில் உட்கார்ந்து பிள்ளையை மார்போடு அணைத்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. அப்பாடா, மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. காலடியில், ஒரு காலைத் தூக்கி வைக்கும் உயரத்தில், ஒரு சின்னக் கல் பதித்திருந்தார்கள். எந்தக் கொத்தனாருக்கு இது தோன்றியதோ! வீட்டில் பால் கொடுப்பவளைப் பக்கத்திலிருந்து பார்த்தவனாகத்தான் இருக்கவேண்டும். பேர் தெரியாத அந்த மனுஷனுக்கு மனசார நன்றி சொன்னாள்.

"முடிஞ்சுதா?" என்று கணவன் வெளியிலிருந்து மெல்லக் கேட்டான்.

"ஒரு பக்கம்தான்."

குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டு, மறுகாலைக் கல்லின் மேல் வைத்தாள். குதிகால் பதிகிற அளவுக்கு அது நடுவில் குழிந்து, வழவழவென்று தேய்ந்திருந்தது.