தொட்டி வாயில் ஓர் ஆள்

“இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

தரைக்கடியில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் முட்டி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார் தொட்டிக்காரர். தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டது. அடியில் பச்சை வழுக்கலும் கெட்டி வண்டலும்தான் பாக்கி. ப்ளீச்சிங் பவுடரின் நெடி கண்ணைக் கரித்தது. இடுப்பில் கட்டிய கயிறு தொட்டியின் சதுர வாய் வழியாக வெளியே போய், மேலே அவர் மனைவியின் கையில் முடிந்தது. வண்டல் வாளியை இழுத்துக் கொட்டுவதும், தண்ணீரைப் பீய்ச்சும் இயந்திரத்தை ஓட்டுவதும் அவருடைய தம்பியின் வேலை.

“பொண்ணு ஸ்கூல்ல சுற்றுலா கூட்டிட்டுப் போறாங்களாம். அனுப்பலாமா?” என்று மேலிருந்து கேட்டாள் மனைவி.

பதில் இல்லை.

“ஏங்க!”

“யோசிக்கிறேன்மா.”

“யோசிக்கிறதா இருந்தா, ‘யோசிக்கிறேன்’னு சொல்லிட்டு யோசிங்க. இல்லேன்னா இழுத்துடுவேன்.”

தம்பி சிரித்தான். குடும்பத்துச் சண்டைகளில் பாதியைத் தொட்டி வாயிலேயே நடத்தி முடிப்பவள் அண்ணி. உள்ளே இருப்பவரால் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது என்பது அவளுக்கு வசதி.

வேடிக்கைக்காக வைத்த பழக்கம் இல்லை அது. ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்த காலத்தில், ஒரு தொட்டிக்குள் காற்று கெட்டுப்போய்த் தொட்டிக்காரர் மயங்கி விழுந்தார். அன்று மேலே வெற்றிலை மென்றுகொண்டு கதை பேசிக்கொண்டிருந்த ஒரு கிழவர், கதைக்கு ‘ம்’ வரவில்லையே என்று கயிற்றை இழுத்ததால்தான் அவர் பிழைத்தார். தனியாகத் தொழில் தொடங்கியபோது மனைவி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். வாயில் ஓர் ஆள் நிற்காமல் அவர் எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்கக் கூடாது. அந்த ஆள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், உள்ளே இருப்பவர் பதில் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தொழில் சுத்தம்தான், ஆனால் வேலைதான் வரவில்லை. சுவரில் ஒட்டிய நோட்டீசின் மேல் வேறு யாரோ வீடு வாடகைக்கு என்று ஒட்டிவிட்டுப் போனார்கள். தவணையில் வாங்கிய இயந்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று கடையிலிருந்து இரண்டு முறை ஆள் வந்துவிட்டுப் போனான். இயந்திரம் போனால் மறுபடி ஒப்பந்தக்காரரின் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். அதனால் வேலை பிடித்துக் கொடுப்பவர்களுக்கு நூற்றுக்குப் பத்து கமிஷன் தருவதாகச் சொல்லிப் பார்த்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“கோச்சுக்காதீங்க அண்ணே,” என்றார் குழாய்க் கடைக்காரர். நல்ல மனிதர். போனவுடன் தொட்டிக்காரருக்கும் மனைவிக்கும் டீ சொல்லிவிட்டார். “பத்துக்காக நான் வாயைத் திறக்கணுமா? கரப்பான் பூச்சிக்கு மருந்தடிக்கிறவன் இருபது தர்றான். ஒரு மோட்டார் வித்தா கம்பெனிக்காரன் அதுக்கு மேலயே தர்றான். உங்க பேரை நான் எதுக்கு முதல்ல சொல்லணும்?”

“எவ்வளவு கொடுத்தா சொல்லுவீங்க?” என்று கேட்டாள் மனைவி.

“இருபத்தஞ்சு. எனக்கு மட்டுமில்ல. வாட்ச்மேன், பிளம்பர் எல்லாருக்கும் அதையே கொடுங்க. அப்புறம் பாருங்க, போன் ஓயாது. இன்னொண்ணு, முதல் தடவையோட நிறுத்திடாதீங்க. தொட்டிங்கிறது ஆறு மாசத்துக்கு ஒரு தரம் கழுவுறது. அடுத்த தடவை எனக்கு ஒண்ணுமில்லேன்னா, நான் வேற ஆளைச் சொல்லிட்டுப் போயிடுவேன். இதுல ஒளிவுமறைவு எதுக்கு?”

“பேரைச் சொன்னதுக்குத் தர மாட்டோம். வேலை முடிஞ்சு, வீட்டுக்காரங்க காசு கொடுத்த அப்புறம்தான்.”

“அது நியாயம்தான்மா,” என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். டீ கிளாசைத் தானே வாங்கி வைத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மூவரும் உட்கார்ந்தார்கள். பவுடரைக் குறைக்கலாமா என்றார் தொட்டிக்காரர். குறைத்தால் தண்ணீர் நாறும், அடுத்த முறை யாரும் கூப்பிட மாட்டார்கள். கூலியை ஏற்றலாமா என்றான் தம்பி. ஏற்றினால் வீட்டுக்காரர்கள் அடுத்த ஆளைத் தேடிப் போவார்கள்.

“அவரு மோட்டார் விக்கிறாரு, அதைக் கம்பெனி செஞ்சு கொடுக்குது,” என்றாள் மனைவி. “நம்மகிட்ட என்ன சரக்கு இருக்கு? கழுவுற கைதான் இருக்கு. கால்வாசியை அப்படியே தூக்கிக் கொடுக்கணும்னா யார் கையிலேருந்து எடுத்துக் கொடுக்கிறது?”

தம்பி கால் விரல் இடுக்கில் மருந்து தடவிக்கொண்டிருந்தான். மூடியைத் திருகி வைத்துவிட்டுச் சொன்னான்.

“சிலிண்டர் போடுற வேலைக்கு ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க அண்ணே. நான் போறேன்.”

“அப்படியெல்லாம் பேசாதீங்க தம்பி,” என்றாள் அண்ணி.

“ஏன் அண்ணி? சோறு போட்டீங்க, தொழில் கத்துக் கொடுத்தீங்க. இது கூடச் செய்யலேன்னா எப்படி? நான் என்ன கண்காணாத இடத்துக்கா போறேன்? அடுத்த தெருவுக்குத்தானே.”

தொட்டிக்காரருக்கு, தம்பி இவ்வளவு எளிதாக வழிவிட்டானே என்று நன்றியாக இருந்தது. வழிவிட வைத்துவிட்டோமே என்று கூச்சமாகவும் இருந்தது. அவன் தோளில் கையை வைத்தார்.

கடைக்காரர் சொன்னது பலித்தது. அவருடைய கடைக்கு வாஷர் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் தொட்டி ஞாபகம் வந்தது. பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தின் வாட்ச்மேன், வாசலைத் தாண்டிய ஒருவரையும் விடவில்லை. “சார், தண்ணியில ஒரு வாடை வருதே, கவனிச்சீங்களா?” என்று அவர் கேட்டால், வராத வாடையும் அவர்கள் மூக்குக்கு வந்துவிடும். தொட்டிக்காரரும் மனைவியும் ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு ஓடினார்கள். ஒரு கையில் கயிறும் இன்னொரு கையில் வாளியுமாக அவள் இரண்டு ஆள் வேலை பார்த்தாள். தோள் வீங்கினாலும் வாய் மட்டும் ஓயவில்லை.

ஒருநாள், பல வருடமாக இவர்களையே கூப்பிடும் வாத்தியாரம்மாவின் வீட்டில் வேலை முடிந்தது. அவர் பணத்தை நீட்டிக்கொண்டே சொன்னார்.

“இந்தத் தடவை பிளம்பர் மூலமாச் சொல்லி விட்டேன். நல்ல ஆளு ஒருத்தரைத் தெரியும்னு உங்களைத்தான் அனுப்பியிருக்கார் பாரேன்!”

வாசலில் நின்ற பிளம்பர் தலையைச் சொறிந்தார். “நம்ம வீட்டுக்கு நம்மளையே அறிமுகம் பண்ணி வச்சதுக்கு நன்றி அண்ணா,” என்று சொல்லி மனைவி அவர் பங்கைக் கொடுத்தாள். அவரும் சிரித்துவிட்டார். ஆனால் வாங்கிக்கொண்டார்.

குறை சொல்ல மனம் வரவில்லை. இயந்திரம் வீட்டிலேயே நின்றது. தவணைக்காரன் இப்போது வந்தால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். பெண் சுற்றுலா போய்விட்டு வந்து, கடல் எவ்வளவு பெரியது என்று ஒரு வாரம் அளந்தாள். இதெல்லாம் யாரால்? தங்கள் பேரை நாலு பேரிடம் சொன்னவர்களால்தானே? மனைவி விளக்கேற்றும்போது கடைக்காரரையும் வாட்ச்மேனையும் சேர்த்தே நினைத்துக்கொண்டாள். வாட்ச்மேன் கமிஷன் காசில் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு, “உங்க புண்ணியத்துலதான் அண்ணே எனக்குப் பஸ் நம்பர் தெரியுது,” என்று தொட்டிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் வயிற்றுப்பாட்டுக்காக வாசலில் நிற்கிறவர்தானே.

ஒரு வாரக் கடைசியில் ஒரே காலையில் இரண்டு வேலை வந்தது. வாட்ச்மேனின் அடுக்குமாடிக் கட்டடத்தில் தரைக்கடித் தொட்டி. கடைக்காரரின் நண்பர் வீட்டில் மொட்டைமாடித் தொட்டிகள். இரண்டு இடத்திலும் மதியத்துக்குள் தண்ணீர் வேண்டும் என்றார்கள். ஒன்றை மறுநாளைக்குத் தள்ளலாமா என்று தொட்டிக்காரர் போனில் கேட்டார்.

“தள்ளினா அவங்க வேற ஆளைப் பார்த்துக்குவாங்க அண்ணே. எனக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்காகத்தான் சொல்றேன்,” என்றார் கடைக்காரர். அது உண்மைதான்.

“மாடித் தொட்டிகளை நான் தனியாப் பார்த்துக்கிறேன்,” என்றாள் மனைவி. “அதெல்லாம் சின்னது. வெளியே நின்னே கையை விட்டுத் தேய்ச்சுடலாம். உங்களுக்குத்தான் ஆள் வேணும்.”

கூலிக்கு ஓர் ஆளைக் கூப்பிடுவதைப் பற்றி இருவரும் பேசவில்லை. கால்வாசி போன பிறகு கூலி ஆளுக்கு என்ன மிஞ்சும் என்பது இருவருக்கும் தெரியும். தம்பிக்குப் போன் போட்டார்கள். பின்னால் சிலிண்டர்கள் மோதும் சத்தம் கேட்டது. “லோடு ஏத்திட்டோம் அண்ணே,” என்றான்.

மனைவி முதலில் அடுக்குமாடிக் கட்டடத்துக்கே வந்தாள். கணவரின் இடுப்பில் தானே முடிச்சுப் போட்டுவிட்டு, மறுமுனையை வாட்ச்மேனின் கையில் கொடுத்தாள்.

“அண்ணா, பேசிக்கிட்டே இருங்க. எதையாவது பேசுங்க. பாட்டு கூடப் பாடுங்க. பதில் வரலேன்னா யோசிக்காதீங்க, இழுங்க. சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்க.”

“நீ போயிட்டு வாம்மா. எனக்கு இவ்வளவு செஞ்சிருக்கீங்க, இது கூடச் செய்ய மாட்டேனா?”

அவள் கண் கலங்க அவரைக் கும்பிட்டாள். போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

வாட்ச்மேன் வாக்குத் தவறவில்லை. மருமகனைப் பற்றி, கண்ணாடியைப் பற்றி, மூன்றாவது மாடிக்காரர் வளர்க்கும் நாயைப் பற்றியெல்லாம் பேசினார். தொட்டிக்காரர் தேய்த்துக்கொண்டே ‘ம்’ போட்டார். வழக்கமான குரல் இல்லாவிட்டாலும் குரல் இருந்தது. மேலே நிற்க மனம் வந்த மனிதரை நினைத்து அவருக்கு நிறைவாக இருந்தது.

வாசலில் கார் ஹார்ன் அடித்தது. மறுபடி அடித்தது. இந்த முறை விடாமல் அடித்தது.

“அண்ணே,” என்று குனிந்தார் வாட்ச்மேன். குரல் கெஞ்சியது. “செக்ரட்டரி சார் வண்டி. கேட்டைத் திறக்கலேன்னா என் வேலை போயிடும்.”

“போங்க அண்ணே, போங்க. உங்க வேலைக்குக் கெடுதல் வரக் கூடாது. இவ்வளவு நேரம் நின்னதே பெரிய உதவி.”

“கயிறை இந்தக் குழாயில கட்டிட்டுப் போறேன். இதோ வந்துடறேன்.”

அவர் கயிற்றை மோட்டார்க் குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்துப் பார்த்து, இறுக்கமாக முடிச்சுப் போட்டுவிட்டு ஓடினார். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ அவரைத் திட்டுவதும், சாமான்களை மேலே கொண்டுபோகச் சொல்வதும் கேட்டன. பிறகு அதுவும் கேட்கவில்லை.

தொட்டிக்காரர் மூலையில் இருந்த வண்டலை வழித்து வாளியில் போட்டார். நெடி தலைக்கு ஏறியது. கொஞ்சம் நிறுத்தி, மூச்சு வாங்கி, அண்ணாந்து பார்த்தார். சதுரமாக வெளிச்சம் தெரிந்தது. அதில் தலை எதுவும் இல்லை. கயிறு மட்டும் தொய்ந்து போய் விளிம்பைத் தாண்டியிருந்தது.

“இருக்கேன்,” என்றார், யாரும் கேட்காமலே.

மறுபடி குனிந்து தேய்க்கத் தொடங்கினார். கொஞ்சம் பொறுத்து, இன்னும் சத்தமாகச் சொன்னார்.

“இருக்கேன்.”