பேக்கரி இருந்த முனை

நியூ ஆர்லியன்ஸில் ஒரே நாளில் செய்யக்கூடியவை பத்து என்று அச்சடித்த தாள்களை என் மேசையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். படகில் வந்து இறங்குகிறவர்களுக்கு அதைக் கொடுப்பது என் வேலை. பத்தில் ஆறு எனக்குப் பிடிக்காது. அந்த ஆறையும் அடித்துவிட்டு, ஓரத்தில் எனக்குத் தோன்றியதை எழுதிக் கொடுப்பேன். காலையில் கரைமேட்டில் உட்கார்ந்து கப்பல் போவதைப் பாருங்கள், வேறொன்றும் செய்யாதீர்கள். மழை வந்தால் நனையுங்கள். திங்கட்கிழமை என்றால் யார் வீட்டிலாவது சிவப்பு பீன்ஸும் சோறும் சாப்பிடுங்கள், அன்று ஊரெங்கும் அதுதான் சமையல்.

என் மேலதிகாரி கார்லாவுக்கு இதிலெல்லாம் வருத்தமில்லை. நான் வழி சொல்வதுதான் அவளுக்குத் தலைவலி. போன வாரம் ஒரு ஜெர்மன் தம்பதி இரண்டு மணி நேரம் அலைந்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றார்கள்.

“ஒடீலக்கா, மூடிப்போன கடைய அடையாளம் சொல்லாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? அந்த மருந்துக்கடை போயே பதினேழு வருஷமாச்சு.”

“கடைதான போச்சு? முனை அங்கயேதான இருக்கு.”

இந்த ஊர்க்காரர்கள் எல்லோருமே இப்படித்தான். கிழக்கும் மேற்கும் எங்களுக்குச் சரிப்பட்டு வராது. ஆறு வளைந்து நெளிந்து ஓடுவதால், மேற்குக் கரை என்று பெயர் வைத்த பக்கத்தில் சூரியன் உதிக்கிறது. ஆற்றுப் பக்கம், ஏரிப் பக்கம், அவ்வளவுதான் எங்கள் திசை.

அன்று பிப்ரவரி மாதத்து ஒரு திங்கட்கிழமை. பனிமூட்டத்தில் ஆறு இருக்கிற இடமே தெரியவில்லை. கப்பல் சங்கு மட்டும் எங்கிருந்தோ கேட்டது. யாரோ டிரம்பெட்டில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள். வறுத்த காப்பிக்கொட்டை வாசனை காற்றில் அப்படியே நின்றது. இப்படிப்பட்ட காலைகளில் நான் விழித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும். ஆற்றின் மேல்பக்கம் மெம்பிஸிலிருந்து வரும் படகு எப்போது கரையைத் தொட்டது என்று யாரும் பார்க்கவில்லை. பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக ஆட்கள் இறங்கி வந்தார்கள்.

இறங்கியவர்கள் எல்லோரும் திரும்பி நின்று ஆறு இருந்த பக்கம் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தாடி நரைத்திருந்தது, தோள் இறங்கியிருந்தது. ஆனாலும் அவன் நின்ற விதத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

எவரிஸ்ட். என் புருஷன். பார்த்து இருபது வருடம் ஆகிறது.

புயலில் கரை உடைந்து ஊரே மூழ்கிய அந்த வெள்ளத்தன்று எங்கள் வீடு அப்படியே மிதந்துபோய், இரண்டு தெரு தள்ளி ஓர் ஓக் மரத்தில் முட்டி நின்றது. கூரைமேல் நாங்கள் இருவரும் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தோம். பிறகு ஹூஸ்டனுக்கு ஏற்றிப் போனார்கள். தண்ணீர் இருக்கிற ஊரில் இனி தூங்க முடியாது என்றான் அவன். அது இல்லாத ஊரில் என்னால் தூங்க முடியாது என்றேன் நான். மூன்றே மாதத்தில் திரும்பிவிட்டேன். அடுத்த மாதம் வருகிறேன் என்றான். முதலில் வாரம் ஒரு போன், பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு போன். வா என்று நான் கெஞ்சவில்லை. எனக்கு ரோஷம் அதிகம்.

அவன் நேராக என் மேசைக்கு வந்து தொப்பியைக் கழற்றினான்.

“ஊருக்குப் புதுசுங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் படகு கெளம்பிடும். அதுக்குள்ள என்ன பாக்கலாம்?”

அடுக்கியிருந்த தாள்களையே மறுபடி அடுக்கினேன். கோபம் என்றே வைத்துக்கொண்டேன்.

“தனியாவா வந்தீங்க?”

“ஆமாங்க. சம்சாரம் ஊர்ல இருக்கா.”

“பாவம் அவங்க.”

“பாவந்தான். ஆனா வாய் ஜாஸ்தி.”

“ஹூஸ்டன்லேர்ந்து பஸ்ஸுல ஏறுனா ஆறு மணி நேரம். எதுக்கு மெம்பிஸ் போயி தலையச் சுத்தி மூக்கத் தொடணும்?”

ஹூஸ்டன் என்று அவன் சொல்லவே இல்லை. இருவரும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டோம்.

“பஸ்ஸுல நாலு தடவ வந்தேங்க. அந்தப் பெரிய சதுப்புப் பாலத்துக்கு முந்தின ஸ்டாப்பத் தாண்ட மனசு வராது. அங்கயே எறங்கித் திரும்பிடுவேன். படகுன்னா நடுவுல எறங்க முடியாதுல்ல.”

“எத்தன நாளு தண்ணியில?”

“எட்டு. ஜன்னல் இல்லாத அறையா கேட்டு வாங்கினேன். அப்பயும் தூங்கல.”

இருபது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வசவு எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தண்ணீர் மேல் எட்டு நாள். எனக்கு அழுகை வந்தது. அழாமல் தாளை எடுத்துப் பத்தையும் அடித்தேன்.

“இன்னிக்குத் திங்கட்கிழம. செவப்பு பீன்ஸ் சாப்பிடுங்க.”

“எந்தக் கடையிலங்க?”

“கடையில வேணாம். செயின்ட் கிளாட் பஸ் புடிங்க. தூக்குப் பாலம் தாண்டி, ரோசெல் பேக்கரி இருந்த முனையில எறங்குங்க. ஏரிப் பக்கமா நடந்தா டேவன் முடிவெட்டுற கடை இருந்த எடம் வரும். அதுக்கப்புறம் மூணாவது வாசல்.”

கார்லா பதறிப்போய் எழுந்து வந்தாள். “சார், ஒரு நிமிஷம், நான் மேப் தர்றேன். இவங்க சொன்னதுல ஒண்ணுகூட இப்ப அங்க கெடையாது.”

“பரவால்லம்மா. நல்லாப் புரிஞ்சுது,” என்றான் அவன். “பேக்கரிக்கு எதிர்ல ஒரு அத்திமரம் இருக்குமே?”

“இருந்துச்சு,” என்றேன்.

அவன் பனிக்குள் நடந்து மறைந்தான். யார் அது என்று கேட்டாள் கார்லா. டூரிஸ்ட் என்றேன்.

அதன்பிறகு யாருக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. போவானா, பாதியில் திரும்பிவிடுவானா? பஸ்ஸில் போனால் கால்வாய்மேல் இருக்கும் அந்தத் தூக்குப் பாலத்தைத் தாண்டியாகவேண்டும். அதன் அடியிலும் தண்ணீர்தான். நாலரைக்கு வேலை முடிந்து பஸ் ஏறினேன். எனக்கென்றே காத்திருந்தது போலத் தூக்குப் பாலம் மேலே எழும்பிவிட்டது. சரக்குப் படகுகளின் நீண்ட வரிசை ஒன்று அவசரமே இல்லாமல் போனது. பஸ்ஸில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். அப்போது தூரத்தில் மெம்பிஸ் படகின் சங்கு கேட்டது. மணி ஐந்து. அந்தப் படகில் அவன் ஏறியிருந்தால் இனி இந்தப் பிறவியில் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் பாதி மனைகளில் வெறும் புல்தான். சில மனைகளில் மூன்று சிமெண்டுப் படிகள் மட்டும் நிற்கும். ஏறினால் வீடு இருக்காது, ஆகாயம்தான். எங்கள் பழைய படிகளையும் நான் இடிக்கவில்லை. அதற்குப் பின்னால் தள்ளித்தான் தூண்கள் எழுப்பி, மேலே சின்னதாக வீடு கட்டினேன். காலையில் மின்பானையில் போட்டுவிட்டுப் போன பீன்ஸின் மணம் தெருமுனையிலேயே வந்தது.

பழைய படியில், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான்.

“படகு போயிடுச்சே,” என்றேன்.

“சங்கு கேட்டுச்சு.”

“மேல போய் உக்காரவேண்டியதுதான? கதவு சும்மா சாத்திதான் இருக்கு.”

“இந்த மூணு படி நான் போட்டது. இதுவரைக்கும் வரலாம்னு தோணுச்சு. அதுக்கு மேல வா போன்னு நீதான் சொல்லணும்.” அண்ணாந்து வீட்டைப் பார்த்தான். “ஏன் ஒடீல் இவ்ளோ ஒசரம்? பக்கத்து வீடெல்லாம் அஞ்சடியிலதான நிக்குது?”

“அன்னிக்குத் தண்ணி பதினோரு அடி. நான் பதிமூணு அடி தூக்கச் சொன்னேன். கட்டுனவன் சிரிச்சான். தெனம் இருபது படி ஏறி எறங்கி முட்டி போச்சு.”

“ஒனக்குத்தான் தண்ணின்னா பயமே கெடையாதே.”

“எனக்குக் கெடையாது,” என்றேன்.

அவன் எழுந்து போய் ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தான். பிறகு என் கைப்பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினான்.