நெற்றியில் ஒட்டும் கட்டணம்

அக்கார்டியன் ஆசிரியர் ராதிசாவின் நெற்றியில் நியாயமான கட்டணம் மட்டுமே ஒட்டும். தொகை குறைந்தால் நோட்டு உடனே உதிரும். மிகுந்தால் ஒரு மூச்சுநேரம் நின்றுவிட்டுக் கொடுத்தவர் காலடியிலேயே போய் விழும். சரியான தொகையோ அவர் முகம் கழுவும் வரை அசையாது. மொராவா ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரான துர்னோவாட்ஸில் இதனை அறியாதார் இலர்.

எங்கள் பக்கத்துத் திருமணங்களில், வாசிப்பவனின் நெற்றியில் எச்சில் தொட்டு நோட்டை ஒட்டுவது வழக்கம். பல்லாண்டுகள் அவ்வாறு ஒட்டப்பெற்ற நெற்றி ராதிசாவுடையது. முழங்கால் வலி மிகுந்து, மணவீடுகளில் நெடுநேரம் நிற்க இயலாமற் போனபோது, ராதிசாவ் இரும்புக்கடைக்கு மேலிருந்த அறையை வாடகைக்கு எடுத்துப் பாடம் சொல்லத் தொடங்கினார். கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் அவருக்கு வெட்கம் வந்துவிடும். “நீங்களாப் பாத்துக் குடுங்க” என்பார். உடனே கேட்டவருக்கும் வெட்கம் வந்துவிடும். இருவரும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதல் மாணவனின் தந்தையான பல் மருத்துவர் மியோத்ராக், இச்சங்கடத்தைத் தீர்க்கும் பொருட்டு விளையாட்டாக ஒரு நூறு தினார் நோட்டை அவர் நெற்றியில் ஒட்டினார். அது விழுந்தது. இருநூறும் விழுந்தது. ஐந்நூறும் இருநூறும் நூறும் பக்கம்பக்கமாக ஒட்டப்பட்டபோது மூன்றும் நின்றன. “எண்ணூறா? எம் பையன் வாசிக்கிறதுக்கா மாஸ்டர், நீங்க அதக் காதால கேக்குறதுக்கா?” என்றார் மருத்துவர். “எனக்கென்ன தெரியும் டாக்டர், நெத்தியக் கேளுங்க” என்றார் ராதிசாவ்.

நெற்றி ஒருவருக்குச் சொன்ன விலையை மற்றவருக்குச் சொல்லவில்லை என்பது விரைவில் தெரியவந்தது. ரொட்டிக்கடை ஸாகோர்காவின் இரட்டையர் இருவருக்கும் சேர்த்து முந்நூறே ஒட்டியது. அவர்களுள் ஒருவன் பாடநேரம் முழுவதும் உறங்குவான் என்பதால் அதுவும் நியாயமே என்றனர். நெற்றி அளப்பது தந்தையின் செல்வத்தையா பிள்ளையின் மந்தத்தையா என்று காப்பிக்கடையில் இரண்டு கட்சிகள் உண்டாகி, ஒரு கட்சியார் மற்றக் கட்சியாரின் மேசையில் அமர்வதை விட்டனர். வரி அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் அளவுநாடாவால் நெற்றியை அளந்து, வணிகம் நடைபெறும் இடம் என்னும் கட்டத்தில் ‘நெற்றி’ என்று எழுதிக்கொண்டு போனார். ஆயினும் கட்டணத்தைப் பற்றி எவரும் பேரம் பேசவில்லை. ஒட்டியது கட்டணம், ஒட்டாதது காகிதம். இவ்வண்ணம் நான்கு ஆண்டுகள் கழிந்தன.

ஐந்தாம் ஆண்டு வசந்தத்தில் ஸ்தாமென்கா பாடம் கேட்டு வந்தாள். சந்தையில் குடைமிளகாயும் இடித்த மிளகாய்த்தூளும் விற்பவள், அறுபதைக் கடந்தவள். அவள் கணவன் ப்லாகோயே, உயிரோடிருந்த வரை, தன் அக்கார்டியனை அவள் தொட விட்டதில்லை. “ஒங்கையி மிளகாக் கையி, பொத்தானெல்லாம் எரியும்” என்று சொல்லியே காலத்தைக் கழித்துவிட்டு இறந்துபோனான். இப்போது வியன்னாவில் வேலை செய்யும் மகன் நெனாதுக்கு இலையுதிர் காலத்தில் திருமணம். மணமகனின் தாய் முன்னின்று ஆடவேண்டிய முதல் கோலோ வட்ட ஆட்டத்தை, ஆடாமல், அதே அக்கார்டியனில் தானே வாசித்துவிட வேண்டும் என்பது அவள் தீர்மானம். வாழ்நாளில் அவள் தனக்கென்று விரும்பியது அஃது ஒன்றே.

அவள் கொடுத்த எத்தொகையும் ஒட்டவில்லை. பத்து தினார் விழுந்தது, ஆயிரம் விழுந்தது, மகன் அனுப்பிய யூரோ நோட்டும் விழுந்தது. நோட்டுகள் தீர்ந்தபின் உலர்ந்த மிளகாய் ஒன்றை ஒட்டிப் பார்த்தாள். அதுவும் நில்லாமல் ராதிசாவின் கண்ணைத்தான் எரித்தது. விலை படியும் வரை பாடம் நடக்கட்டும் என்று அவர் இரங்கினார். வியாழன்தோறும் அவள் அக்கார்டியனை மார்பில் மாட்டிக்கொண்டு அமர்வாள். ராதிசாவ் அவள் விரலைத் திருத்தத் தொடங்குவார். விரலிலிருந்து ஏதோ ஒரு திருமணம் நினைவுக்கு வரும். திருமணத்திலிருந்து, எக்காளம் ஊதுபவன் ஒருவனோடு நீஷ் நகருக்குப் போய்விட்ட தம் மனைவி நினைவுக்கு வருவாள். அதன்பின் முழங்கால், அதன்பின் வாடகை. ஸ்தாமென்கா அக்கார்டியனின் துருத்தியை மூடியபடி “ம்” கொட்டுவாள். பாடநேரம் முடிந்துவிடும். கோடை வந்தபோது அவளுக்கு இடக்கைப் பொத்தான்கள் இரண்டு மட்டுமே தெரிந்திருந்தன.

பெற்றோர் பொறுக்கவில்லை. “எங்க புள்ளைங்களுக்கு ஒட்டுற நெத்தி இவளுக்கு மட்டும் வழுக்குதா? ஓசிப் பாடமா நடத்துறீங்க மாஸ்டர்?” என்று ஸாகோர்கா படியேறி வந்து கேட்டாள். வரும் வியாழனுக்குள் விலை படியவில்லையெனில் ஸ்தாமென்காவை நிறுத்த வேண்டும், இல்லையேல் பிள்ளைகள் அனைவரும் நின்றுவிடுவர் என்று முடிவாயிற்று. அவர்கள் நின்றால் ராதிசாவுக்கு அறை இல்லை. ஸ்தாமென்கா நின்றால் அவளுக்கு அந்த ஒரு கோலோ இல்லை.

அவ்வியாழனன்று பெற்றோர் அனைவரும் சாட்சியாக அறைக்குள் நெருக்கியடித்து நின்றனர். ஸ்தாமென்கா, மிளகாய் நாற்றுக்கென்று வைத்திருந்த ஐயாயிரம் தினார் நோட்டை எச்சில் தொட்டு ஒட்டினாள். அது ஒரு மூச்சுநேரம் நின்று, அவள் காலடியில் வந்து விழுந்தது.

“ஆச்சு. போய் மிளகாய வித்துப் பொழைக்கிற வழியப் பாரு” என்றாள் ஸாகோர்கா.

“போறேன்டி, போறேன்” என்றாள் ஸ்தாமென்கா. அக்கார்டியனைக் கழற்றப் போனவள் திடீரென்று ஆசிரியர் பக்கம் திரும்பினாள். “ஆனா ஒண்ணு மாஸ்டர். உங்களுக்கு வலிக்கிறது இடது முட்டின்னு எனக்குத் தெரியும். மழைக்கு முந்தின நாள் எங்க குத்தும்னு தெரியும். அந்தப் பொம்பள நீஷ்ல எந்தத் தெருவுல, எத்தனாவது மாடியில இருக்கான்னு தெரியும். மூணாவது பொத்தான் எங்க இருக்குன்னுதான் இன்னிக்கு வரைக்கும் தெரியாது!”

எவரும் சிரிக்கவில்லை, ஏனெனில், அறையில் நின்றவர்களுள் ஒருவருக்கும் ராதிசாவுக்கு எந்த முட்டியில் வலி என்பது தெரிந்திருக்கவில்லை. ராதிசாவின் முகம் சிவந்தது. அவர் தம் சட்டைப்பையிலிருந்து ஓர் ஐந்நூறு தினார் நோட்டை எடுத்தார், எச்சில் தொட்டார், “மன்னிச்சுக்குங்க அக்கா” என்று சொல்லி, அவள் நெற்றியில் ஒட்டினார். நோட்டு நின்றது. பல் மருத்துவர் அருகில் வந்து ஊதிப் பார்த்தார். ஸாகோர்கா நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அஃது அசையவில்லை.

“அப்ப இவ்வளவு நாளா இவதான் வாத்தியாரா?” என்றாள் ஸாகோர்கா. பெற்றோர் ஒருவர்பின் ஒருவராகப் படியிறங்கிச் சென்றனர். விலை படிந்துவிட்டது, குறைகூற இடமில்லை.

ஸ்தாமென்கா அக்கார்டியனை மீண்டும் மாட்டிக்கொண்டாள். “காசு வாங்குறவ சொல்றேன், கேட்டுக்குங்க. பாதி நேரம் உங்க கத. மிச்சப் பாதி என் கோலோ. கத பாதியில நின்னாலும் சரி, நேரம் ஆச்சுன்னா வாய மூடிக்கணும்.”

“ஆகட்டும் அக்கா. அந்த எக்காளக்காரன் கடைசியில…”

“அது அடுத்த வாரம். மூணாவது பொத்தான் எங்க?”

அன்றிலிருந்து வியாழன்தோறும் அவள் நெற்றியில் ஐந்நூறு தினாரோடு சந்தை வழியாக வீட்டுக்கு நடந்தாள். கத்தரிக்காய் விற்பவர்கள் வணக்கம் சொல்லிப் பாடம் எப்படிப் போயிற்று என்று கேட்டனர். “இன்னிக்கு முட்டி தேவல” என்று அவள் விடை சொன்னாள்.

இலையுதிர் காலத்தில் நெனாதின் திருமணம் நடந்தது. பந்தலின் நடுவே நாற்காலியில் அமர்ந்து ஸ்தாமென்கா முதல் கோலோவை வாசித்தாள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மூன்றாவது பொத்தானைத் தேடுவதற்கு அவளுக்குத் தாளத்தில் அரை அடி நேரம் கூடுதலாகத் தேவைப்பட்டது. முதற்சுற்றில் விருந்தினர் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டனர். மணப்பெண்ணின் செருப்பு ஒன்று சூப்புப் பாத்திரத்தில் விழுந்தது. இரண்டாம் சுற்றில் அந்த இடத்தில் காலைத் தூக்கியபடியே காத்திருக்கப் பழகினர். மூன்றாம் சுற்றில், வட்டம் முழுவதும் ஒற்றைக் காலில் நின்று, அவள் விரல் பொத்தானை அடைந்ததும் ஒருசேரக் காலை ஊன்றியது. துர்னோவாட்ஸில் இன்றும் கோலோவை அவ்வண்ணமே ஆடுகின்றனர். அந்த அரை அடியை விட்டு வாசிக்கும் வெளியூர்க்காரனுக்கு இங்கே யாரும் நோட்டு ஒட்டுவதில்லை. ராதிசாவும் தம் மாணவர்க்கெல்லாம் அதையே கற்பித்தார்.

திருமணத்துக்கு அடுத்த வியாழன் அவர் வழக்கம்போல் ஸ்தாமென்காவின் நெற்றியில் ஒட்டிய ஐந்நூறு உதிர்ந்து விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்து, கூட ஓர் இருநூறு சேர்த்து ஒட்டினார். இரண்டும் நின்றன. அவ்வாரம் குடைமிளகாயும் கிலோவுக்கு இருபது தினார் ஏறியிருந்தது.