விலை போட வந்தவருக்குக் காபி

"விலை போட வர்றவர் கண்ணுல படுற மாதிரி ஒரே ஒரு ஈரச் சுவரையாவது விட்டு வைக்கக் கூடாதாடி?"

ஏரிப் படித்துறையில் கம்பளம் துவைக்கும்போது பக்கத்து வீட்டு ஹில்கா, ராயிலியிடம் இப்படிக் கேட்டாள்.

கேட்டதில் நியாயம் இருந்தது. வசந்தத்தில் அப்பா இறந்துபோனார். பதினோரு வருஷம் அவரைப் பார்த்துக்கொண்டவள் ராயிலி. உயிலில் வீடு அவளுக்கும் ஹெல்சிங்கியில் இருக்கும் தம்பி எஸ்கோவுக்கும் சரிபாதி. வெளியாள் ஒருவர் போடும் விலையில் பாதியைத் தம்பிக்குக் கொடுத்தால் வீடு அவளுக்கு, முடியாவிட்டால் விற்பனைக்கு. அடக்கம் முடிந்து காபி குடிக்கும்போதே இருவரும் கை குலுக்கிவிட்டார்கள். வங்கியோ அறுபதாயிரம் யூரோவுக்கு மேல் கடன் கிடையாது என்றுவிட்டது. வீட்டின் விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டினால் அவள் வெளியேற வேண்டியதுதான்.

நீராவிக் குளியலறையான சவுனாவின் வெளியறைச் சுவரில் ஈரம் இறங்கியிருந்தது. ஹில்கா சொன்னது அதைத்தான்.

"வீட்டுக்கு வர்ற மனுஷருக்கு அழுகின பலகையைக் காட்டச் சொல்றியா?" என்றாள் ராயிலி.

"நீ நல்லா இருக்கணும்னு சொன்னேன். அப்புறம் உன் இஷ்டம்."

மூன்று வாரம் ராயிலி பலகைகளைப் பெயர்த்துச் சுவரை உலர்த்தினாள். புதுப் பலகை அடித்தாள். கூரை வாய்க்காலில் அடைத்துக் கிடந்த இலைகளை வாரினாள், சன்னல் சட்டங்களுக்கு வெள்ளை பூசினாள். எதற்காக இத்தனையும் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆள் வருகிறார் என்றால் வீட்டைச் சுத்தம் செய்யாமல் அவளால் உட்கார முடியாது.

வீட்டு மதிப்பீட்டாளரும் தரகருமான லெஹ்தோ செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். எஸ்கோ அதற்கு முன்பே ரயிலில் வந்திருந்தான். லெஹ்தோ காலணியைக் கழற்றிவிட்டு, ஈரம் அளக்கும் கையடக்கக் கருவியைச் சுவர் சுவராக வைத்துப் பார்த்தார். சவுனாச் சுவரில் இரண்டு முறை வைத்தார்.

"சருகு மாதிரி காய்ஞ்சிருக்கு. யார் செஞ்சது?"

ராயிலிக்குப் பெருமையில் முகம் சிவந்தது. அவள் போய் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து வந்தாள். புகைபோக்கி துப்புரவு, கூரைத் தகடு, வடிகால் என்று பதினோரு வருஷத்து வேலைகளும் தேதியோடு அதில் இருந்தன. நோட்டை அவர் கையில் கொடுத்த பிறகுதான் தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. திருப்பி வாங்கவா முடியும்? இலவங்கப்பட்டை ரொட்டியை வெட்டினாள்.

மேசையில் அமர்ந்து லெஹ்தோ நிதானமாகச் சொன்னார். "இந்த வட்டாரத்துல இப்படிப் பராமரிச்ச வீடு நான் பார்த்ததே இல்லை. ஒரு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம்."

லெஹ்தோ இரண்டு முகங்களையும் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். இது சந்தை விலைதான், அக்கா தம்பிக்குள் இதற்குக் குறைத்துப் பேசி முடித்துக்கொள்வது உங்கள் விருப்பம், இருவரும் சரி என்றால் இப்போதே குறித்துக்கொள்கிறேன் என்றார்.

எஸ்கோ காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். அதில் சர்க்கரை இல்லை. ஒரு தடவை அக்காவை நிமிர்ந்து பார்த்தான். அவள் கேட்டால் விலையைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்திருப்பான், அது அவன் முகத்திலேயே தெரிந்தது. அவள் கேட்காமலே விட்டுக்கொடுத்தால் அவளை ஏழையாக்கியது போல ஆகும் என்று காத்திருந்தான்.

ராயிலி யாரிடமும் எதையும் கேட்டுப் பழகியவள் இல்லை. அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டிய நாட்களில்கூட, வந்து ஒரு கை கொடு என்று அவள் தம்பிக்குப் போன் செய்ததில்லை.

"பார்த்ததையே எழுதுங்க" என்றாள். "கை குலுக்கினது குலுக்கினதுதான்."

லெஹ்தோ எழுதினார். விற்பனை விளம்பரத்துக்குப் படம் எடுக்க வியாழக்கிழமை ஆள் வரும், சுவரில் இருக்கும் குடும்பப் படங்களையும் அப்பாவின் நாற்காலியையும் அதற்குள் எடுத்துவிட வேண்டும், வாங்க வருகிறவர்கள் தங்களை அங்கே நினைத்துப் பார்க்க வேண்டுமே என்றார். ராயிலி தலையாட்டினாள். இன்னொரு கோப்பை ஊற்றட்டுமா என்று கேட்டாள்.

எஸ்கோ எழுந்தான். குடிக்காத கோப்பையைக் கழுவித் தட்டில் கவிழ்த்தான். வாசலில் குனிந்து, காலணிக் கயிற்றை ரொம்ப நேரம் கட்டினான். பிறகு அக்கா இருந்த பக்கம் திரும்பி ஒரு கணம் நின்றான். கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனான்.