சோளத் தட்டைக்கு மேல் யூரியா

1.

இந்தக் கதை என்னிடம் ஒரு கேள்வியாகத்தான் வந்தது. பருத்தி வரிசைகளுக்கு நடுவே அறுத்த சோளத் தட்டையைப் பரப்பி வைத்தால் களை ஏன் அடங்குகிறது? முக்கியமான விடை எளிது: வெளிச்சம் போகாது. அதைக் கட்டுரையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கத்தில் யாராவது ஒருவர் அந்தத் தட்டையைப் பரப்ப வேண்டியிருந்தது. அவருக்கு முதுகுவலி என்று எழுதிவிட்டேன். அதோடு கட்டுரை கைவிட்டுப் போயிற்று.

முதல் தொடக்கம்: "பொழுது புலர்ந்தபோது பருத்திக்காட்டில் ஒரு…"

(வேண்டாம். கதைகளில் பொழுது புலர்ந்தபடியேதான் இருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: "'இனிமே குனியாதீங்க' என்றார் டாக்டர். 'குனியாம எப்படிங்க களை எடுக்கிறது?' என்றாள் அவள்."

இது இருக்கட்டும்.

2.

அவளை அக்கா என்றே சொல்கிறேன். கதையில் இருக்கும் இன்னொருவன் அவளுடைய தம்பி. பக்கத்து நிலம் அவனுடையது.

பருத்தி சின்னதாக இருக்கும் முதல் இரண்டு மாதம்தான் ஆபத்து. அதற்குள் களை முந்திக்கொண்டால் பயிர் எழுந்திருக்காது. எப்படியும் மூன்று முறை குனிந்து கொத்த வேண்டும். அக்காவின் முதுகெலும்பில் வட்டு ஒன்று விலகியிருந்தது. இந்தப் பருவம் குனியாமல் சமாளித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் நிலத்தை ஐந்து வருஷம் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டும். அவளுக்கு அப்படி உட்காருவது, நோயைவிடப் பெரிய நோய்.

அதனால் நுனி பிளந்த, நீளக் காம்புள்ள கவையால் தட்டையை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினாள். உரத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். செடியிலிருந்து நாலு விரல் தள்ளி, நின்றபடியே கம்பியால் ஒரு குழி. அதில் ஒரு பிளாஸ்டிக் குழாயை ஊன்றி, மேலிருந்து ஒரு கரண்டி உரம். உரம் நேரே வேருக்கு அருகில் போகும். நடுவில் இருக்கும் களைக்குச் சாப்பாடே இல்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு, பாருங்கள்!

(உற்சாகப்படுகிறேன். மன்னிக்கவும்.)

தம்பி வரப்பில் நின்று சிரித்தான். "நெலத்துக்கு மெத்தை போட்டாச்சு. தலகாணி எங்கக்கா?"

"உன் தலைக்கு அடியில இருக்கு. போய்ப் படு."

"செடிக்குச் செடி ஊட்டிவிடுறியே, ஏப்பம் விட முதுகுல தட்டுவியா?"

"வாயை மூடிட்டு அந்தத் தட்டைக் கட்டை இந்தப் பக்கம் தள்ளுடா."

தள்ளிக் கொடுத்தான். சிரித்துக்கொண்டே நாற்பது கட்டு தள்ளிக் கொடுத்தான். இதை மறக்காமல் எழுத வேண்டும், ஏனென்றால் அடுத்த பகுதியில்

3.

விதைத்த இருபத்தைந்தாம் நாள் பருத்தி இலைகள் மஞ்சளாக வெளுத்தன.

இதற்கும் காரணம் உண்டு. தட்டையை மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். தட்டையில் அது குறைவு. அதனால் மண்ணில் இருப்பதை இழுத்துக்கொள்கின்றன. மட்கி முடிந்ததும் திருப்பித் தந்துவிடும். ஆனால் பிள்ளைச் செடிக்கு அதுவரை பொறுமை கிடையாது. தட்டை போட்டவர் முதல் உரத்தைச் சற்று முன்னதாகவே வைக்க வேண்டும். அக்காவுக்கு இது தெரியவில்லை. முப்பதாம் நாள் வைக்கலாம் என்று குழாயைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாலைந்து நாள் முதுகு வைத்தியத்துக்குப் போனாள்.

தம்பி மஞ்சளைப் பார்த்தான். மனம் பொறுக்கவில்லை. தன் வீட்டிலிருந்து ஒரு மூட்டை யூரியாவைத் தூக்கிவந்து, தான் பழகியபடி, தட்டைக்கு மேலே கைநிறைய அள்ளி வீசிக்கொண்டே போனான். அன்று மாலை மழை.

அக்கா திரும்பி வந்தபோது செடிகள் பச்சை பிடித்திருந்தன. "பாத்தியா, தானா தேறிடுச்சு" என்றாள். அவன் அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். "ஆமாக்கா" என்றான்.

பத்து நாளில் கோரை கிளம்பியது.*

* கோரைக்கு மண்ணுக்குள் கிழங்கு உண்டு; குனிந்து தோண்டினால்தான் போகும். அதன் முளை ஊசிபோலக் கூர்மையானது, தட்டையையும் துளைக்கும். பட்டினியில் கிடந்தால் ஒன்றிரண்டுதான் எட்டிப் பார்க்கும். இங்கே தலைக்கு மேலேயே உரம் விழுந்து, மழையில் கரைந்து இறங்கியது.

4.

என் முதல் வரைவில் தம்பி கெட்டவன். நிலம் குத்தகைக்குப் போகட்டும் என்றே வீசினான் என்று எழுதினேன். நாற்பது கட்டு நினைவுக்கு வந்தது, அடித்துவிட்டேன்.

இப்போது இன்னொரு சந்தேகம். வீசியது பாசத்தால்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டிருப்பதும் பாசத்தால்தானா? 'இதோட விட்டுட்டு உக்காரட்டும், முதுகாவது தப்பிக்கும்' என்று உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் நினைக்கிறானோ? அவனுக்கே அது தெரியுமா? யூரியா எந்தப் பக்கம் இறங்கும் என்று என்னால் சொல்ல முடிகிறது. இதைச் சொல்ல முடியவில்லை.

5.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அவன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். (அவன் அழுகிற ஆள் இல்லை.)

அவன் சொல்லவில்லை. நிலம் போகிறது. ஐந்து வருஷம் கழித்து அவள் (எனக்குக் கை வரவில்லை.)

அவன் ஒரே வாரத்தில் கோரை முழுவதையும் தானே பிடுங்கி (கோரை பிடுங்கியவர் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.)

6.

கடைசி முயற்சி. இதற்கு மேல் நான் திருத்தப் போவதில்லை.

குத்தகைக்காரர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அக்கா நிலத்தைக் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி வருகிறாள், ஒரு கை இடுப்பில். தம்பி நாலடி பின்னால்.

"எனக்குத்தான் புத்தி இல்ல" என்கிறாள். "தட்டை போட்டா களை வராதுன்னு நம்பினேன். சரி, விடு. முயற்சி பண்ணியாச்சு."

கிழக்கு ஓரத்தில் நின்றுவிடுகிறாள். கடைசி நான்கு வரிசைகள். அங்கே செடிகள் இன்னும் குட்டையாக, மஞ்சளாக இருக்கின்றன. நடுவில் தட்டை, போட்டது போட்டபடி. கோரை தேடினால் ஒன்றிரண்டு.

கவையின் காம்பால் தட்டையை விலக்கிப் பார்க்கிறாள். அடியில் ஈரமான மண்.

"ஏன்டா, இங்க மட்டும் பயிரும் தேறல, களையும் வரல?"

அவன் காலால் ஒரு தட்டையைத் திருப்பிப் போடுகிறான்.

"இங்க மண்ணு வேறயோ?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்யைக்கூட அவளே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். சாலை முனையில் மோட்டார் சைக்கிள் திரும்பும் சத்தம் கேட்கிறது.

யூரியா மூட்டை இந்த நான்கு வரிசைகளுக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது. அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இவ்வளவு நேரம் பொறுமையாக விளக்கியிருக்கிறேன், உங்களுக்கும் தெரியும். குறை தட்டையில் இல்லை, உரம் இடம் மாறி விழுந்தது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியாது.

நான் எழுதுகிறவன், அவள் காதில் என் குரல் விழாது. அவன் வாயைத் திறக்கிறான்,